காலையில் தப்பு, மதியம் சரி: மலைக் குளிரில் கீபோர்டு பல மழைக்காலம் ஓடிய அனுபவம்

காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் 'ஏ' அடித்தால் கூடவே 'கியூ'வும் சேர்ந்து விழுகிறது. பதினொரு மணிக்கு மேல் அதே கீபோர்டு ஒழுங்காக அடிக்கிறது. மறுநாள் காலை மறுபடியும் தகராறு. ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இருப்பவர்களுக்கு இது பழகிய தொல்லை. சர்வீஸ் கடையில் கொண்டுபோய் வைக்கும் நேரத்தில் எல்லாம் சரியாக வேலை செய்யும் என்பதால் கோளாறை நிரூபிக்கவும் முடியாது.

ஆனால் அந்த நேரக் கணக்குதான் மலையில் கிடைக்கும் முதல் துப்பு. எந்த எழுத்து தப்பாக விழுகிறது என்பதோடு எந்த மணிக்கு, எந்த வானிலையில் விழுகிறது என்பதையும் மூன்று நாள் குறித்து வையுங்கள். காலையில் மோசம், மெஷின் ஒரு மணி நேரம் ஓடிச் சூடேறியதும் சரி என்றால் உள்ளே ஈரம். மழை, வெயில் எதற்கும் மாறாமல் நாள் முழுக்க ஒரே மாதிரி தப்பு என்றால் பெரும்பாலும் செட்டிங், இல்லாவிட்டால் நிரந்தரமாக அறுந்த கோடு.

செட்டிங் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். யு, ஐ, ஓ அடித்தால் 4, 5, 6 வருகிறது, ஜே, கே, எல் அடித்தால் 1, 2, 3 வருகிறது என்றால் நம் லாக் (Num Lock) ஆன் ஆகியிருக்கிறது. தனி எண் பகுதி இல்லாத சில சின்ன லேப்டாப்களில் இது நடக்கும். எஃப்என் கீயோடு நம் லாக்கை அழுத்தினால் சரியாகிவிடும். ஷிஃப்டோடு 2 அடித்தால் @ வராமல் " வருகிறது, ஷிஃப்டோடு 3 அடித்தால் £ வருகிறது என்றால் பிரிட்டிஷ் லேஅவுட் (எந்தக் கீக்கு எந்த எழுத்து என்ற அமைப்பு) உட்கார்ந்திருக்கிறது. விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ் பாரை அழுத்தினால் எந்தெந்த லேஅவுட் இருக்கிறது என்று பட்டியல் தெரியும். வேண்டாததை லாங்வேஜ் செட்டிங்கில் போய் நீக்கிவிடுங்கள். இங்கிலீஷ் இந்தியா லேஅவுட்டை வைத்துக்கொண்டால் வலது ஆல்ட்டோடு 4 அடித்து ₹ போடலாம். பில் போடுகிறவர்களுக்கு அது பெரிய வசதி. வலது ஷிஃப்டை 8 விநாடி அழுத்திப் பிடித்துவிட்டால் ஃபில்டர் கீஸ் ஆன் ஆகும். அப்போது வேகமாக அடிக்கும் எழுத்துகள் விழாது. கீபோர்டு செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டவற்றில் இதுவும் உண்டு.

தமிழில் அடிக்கும்போது எழுத்து மாறினால் எச் கீயை மட்டும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். 'க' வந்தால் தமிழ்99 லேஅவுட். 'ப' வந்தால் இன்ஸ்கிரிப்ட். 'ஹ்' வந்தால் ஒலிபெயர்ப்பு முறை. 1999-இல் தரப்படுத்தப்பட்ட தமிழ்99-இல் உயிரெழுத்துகள் இடது கைப்பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலது கைப்பக்கம். அதில் பழகிய விரலுக்கு இன்ஸ்கிரிப்ட் ஆன் ஆகியிருந்தால் ஒரு சொல்லும் உருப்படியாக வராது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தாலும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். அதற்குக் கீபோர்டைக் கழற்றுவது வீண் வேலை. யூனிகோடுக்கு மாற்றினால் போதும்.

இதெல்லாம் இல்லை என்று தெரிந்தபின் வேறொரு யுஎஸ்பி கீபோர்டைச் செருகிப் பாருங்கள். அது சரியாக அடித்தால் கோளாறு உங்கள் கீபோர்டில்தான். விண்டோஸ் தொடங்கும் முன்பே லேப்டாப் பயாஸ் பாஸ்வேர்டு கேட்கும் திரையிலேயே எழுத்து தப்பாக விழுந்தால் விண்டோஸை மறுபடி போடச் சொல்லும் யோசனைக்குக் காது கொடுக்காதீர்கள்.

கீபோர்டுக்குள் 104 கீக்கும் தனித்தனிக் கம்பி போவதில்லை. தறியில் பாவும் ஊடையும் போலக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் ஓடும். ஒரு குறுக்குக் கோடும் ஒரு நெடுக்குக் கோடும் சந்திக்கும் இடம் ஒரு எழுத்து. விலை குறைந்த மெம்பரேன் கீபோர்டில் இந்தக் கோடுகள் இரண்டு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்களில் வெள்ளி கலந்த மையால் அச்சடித்திருக்கும். நடுவில் ஓட்டை போட்ட மூன்றாவது தாள். கீயை அழுத்தும்போது ரப்பர் கப் மேல்தாளை ஓட்டை வழியாகக் கீழ்தாளோடு தொட வைக்கும். தாள்களுக்கு நடுவே ஈரம் இழைந்தால் அடுத்தடுத்த இரண்டு கோடுகள் ஒன்றாகிவிடும். ஒரு எழுத்து அடித்தால் இரண்டு விழுவது அதனால்தான். ஈரம் மாதக்கணக்கில் தங்கினால் வெள்ளி மை கறுத்துக் கோடு அறுந்துபோகும். அப்போது ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்தாறு எழுத்துகள் சேர்ந்து சாகும். அவை எல்லாம் ஒரே கோட்டில் இருப்பவை.

ஆகவே ஒரு தாளில் கீபோர்டை வரைந்து, ஒவ்வொரு கீயாக அடித்து, என்ன விழுந்தது என்று எழுதுங்கள். பத்து நிமிட வேலை. இரண்டிரண்டாக விழுந்தால் ஈரமோ சிந்திய திரவமோ. ஒரு கூட்டமாகச் செத்திருந்தால் கோடு அல்லது இணைப்பு. ஒரே ஒரு கீ மட்டும் சிக்கினால் அதன் அடியில் குப்பை. ஊட்டியில் அந்தக் குப்பை பெரும்பாலும் வர்க்கித் தூள். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம்தான், ஆனாலும் கீபோர்டுக்கு மேல் வைத்துப் பிட்டுத் தின்னக் கூடாதது. அதன் தூள் கொழுப்போடு இருப்பதால் ஊதினால் போகாது, ஒட்டிக்கொள்ளும்.

கழற்றுவது கடினமில்லை. முதலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்து ஸ்டார் ஸ்க்ரூக்களை எடுங்கள், ஸ்டிக்கருக்கு அடியில் ஒன்று ஒளிந்திருக்கும். ஸ்பேஸ் பார், என்டர் கீகளுக்கு அடியில் கம்பி வளையம் இருக்கும், இழுத்து வளைத்துவிடக் கூடாது. தாள்கள் எந்தப் பக்கம் மேலே இருந்தன என்று மார்க்கர் புள்ளி வையுங்கள்.

சுத்தம் செய்வதில்தான் பலரும் தவறுகிறார்கள். செல்போன் சர்வீஸ் கடைகளில் ஐபிஏ என்று கிடைக்கும் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலை எல்லாவற்றுக்கும் மருந்தாக நினைக்கிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கை அது எடுக்கும். சர்க்கரை அதில் கரையவே கரையாது என்று சொல்லலாம். பால் டீ சிந்திய கீபோர்டை ஐபிஏவால் மட்டும் துடைத்தால் பார்க்கப் பளபளப்பாக இருக்கும், சர்க்கரைப் படலம் அப்படியே இருக்கும். மார்ச்சில் டீ சிந்திய கீபோர்டு கோடை முழுக்க நன்றாக ஓடி, ஜூலை மழையில் பைத்தியம் பிடிப்பது இதனால்தான். சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. அதனால் முதலில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் சுமார் 20 மில்லியில் மெல்லிய பழைய வேட்டித் துணியை நனைத்துத் துடையுங்கள். இரண்டு முறை. அதன்பின் 99 சதவீத ஐபிஏ 10 மில்லியால் அந்த நீரை வழித்தெடுங்கள். 70 சதவீதம் என்று எழுதிய பாட்டிலில் மீதி பெரும்பாலும் தண்ணீர்தான், கடைசித் துடைப்புக்கு அது உதவாது. சில மாடல்களில் மூன்று தாளும் ஓரத்தில் ஒட்டியிருக்கும். அவற்றைப் பிய்க்காதீர்கள், கோடும் சேர்ந்து உரியும். ரப்பர் கப்பையும் கீ மூடிகளையும் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திர சோப்பு சில சொட்டு விட்டு அலசலாம்.

யூகலிப்டஸ் தைலம் இங்கே எல்லார் வீட்டிலும் இருக்கிறது, ஸ்டிக்கர் பசையை நன்றாக எடுக்கிறது என்பதால் கீபோர்டிலும் தேய்க்கிறார்கள். வேண்டாம். சில பிளாஸ்டிக்கை இளக்கும், எழுத்தை அழிக்கும். தின்னரும் அசிட்டோனும் அதைவிட மோசம். துருவுக்கு அடிக்கும் சாதாரண ஆயில் ஸ்பிரேயும் இங்கே ஆகாது. அது விட்டுப்போகும் எண்ணெயில் தூசி ஒட்டும்.

ஒரு கூட்டமாக எழுத்துகள் செத்திருந்தால் தாளின் வால் பகுதி சின்ன சர்க்யூட் போர்டைத் தொடும் இடத்தைப் பாருங்கள். அங்கே பற்றவைப்பு கிடையாது. ஒரு ரப்பர் பட்டையும் இரண்டு மூன்று ஸ்க்ரூவும் அழுத்திப் பிடித்திருக்கும், அவ்வளவுதான். ஈரத்தில் அந்தக் கருப்புத் தொடுமுனைகள் மங்கும், ஸ்க்ரூ தளரும். ஐபிஏ தொட்ட பஞ்சால் மெதுவாக ஒற்றியெடுத்து ஸ்க்ரூவைச் சமமாக முடுக்கினாலே பல கீபோர்டு உயிர் பெறும். சுரண்டினால் கார்பன் பூச்சு போய்விடும். கோடே அறுந்திருந்தால் மல்டிமீட்டரில் ஓம்ஸ் (மின்தடை அளவு) வைத்து இரு முனையையும் தொட்டுப் பாருங்கள். பீப் சத்தத்தை நம்ப வேண்டாம். நல்ல கோட்டுக்கே நூறு ஓம்ஸ் வரை இருக்கலாம், அதற்குப் பல மீட்டர்கள் பீப் அடிக்காது. அறுந்த இடத்தில் மின்சாரம் கடத்தும் வெள்ளி மையால் (கண்டக்டிவ் சில்வர் இங்க்) ஒரு மெல்லிய கோடு போட்டு ஒரு நாள் காயவிட வேண்டும். சால்டரிங் அயர்ன் பட்டால் தாள் உருகும். ஐந்நூறு ரூபாய்க் கீபோர்டுக்கு இந்த மை வாங்குவது கட்டுப்படியாகாது. லேப்டாப்புக்கு ஸ்பேர் கிடைக்காத நிலையில் மட்டும் செய்யுங்கள்.

இனி காயவைப்பது. மலையில் பாதி ரிப்பேர் இதுதான். கோயம்புத்தூரில் மின்விசிறிக்கு அடியில் ஒரு ராத்திரி வைத்தால் காய்ந்துவிடும். இங்கே துவைத்த துணி நாலு நாள் கொடியில் தொங்கும் காலத்தில் திறந்த அறையில் வைத்த கீபோர்டு காயாது, இன்னும் ஈரம் குடிக்கும். அளவு பார்க்க எளிய வழி சமையலறையில் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு நீர்விட ஆரம்பிக்கும். உப்பு ஜாடி கசியும் நாளில், வர்க்கி நமுத்துப்போகும் நாளில், கீபோர்டைத் திறந்து போடாதீர்கள். அதே உப்பை வைத்து டிஜிட்டல் ஈரமானியையும் சரிபார்க்கலாம். ஒரு மூடியில் உப்பைச் சேறு பதத்துக்கு நனைத்து, மீட்டரோடு காற்றுப் புகாத டப்பாவில் 12 மணி நேரம் வைத்தால் 75 காட்ட வேண்டும். 80 காட்டினால் மீட்டர் 5 அதிகம் சொல்கிறது என்று அர்த்தம்.

கீபோர்டு படுக்கும் அளவுக்கு இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா, துணிப்பையில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் அரை கிலோ, அந்த மீட்டர். மூன்றும் போதும். மூடி 48 மணி நேரம் வைத்து, மீட்டர் 40-க்குக் கீழே இறங்கியபின் கோர்க்கலாம். ஆரஞ்சு நிற ஜெல் பச்சையானால் ஈரம் நிறைந்துவிட்டது. சமையலுக்குப் பயன்படுத்தாத தட்டில் பரப்பி 120 டிகிரி தாண்டாமல் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மறுபடி ஆரஞ்சாகும். நீல நிற ஜெல்லில் கோபால்ட் இருக்கிறது, அதை வாங்காமல் இருப்பது நல்லது. அரிசிக்குள் புதைப்பதால் தூசிதான் உள்ளே போகும்.

லேப்டாப் என்றால் வேலையைத் தொடங்கும்முன் உள்ளே பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். கீபோர்டு ரிப்பனைப் பிடித்திருக்கும் சின்னத் தாழ்ப்பாளை நகத்தால் தூக்கி, ரிப்பனை எடுத்து, துடைத்து, நேராகச் செருகிப் பூட்டினாலே சில சமயம் சரியாகும். பல மாடல்களில் கீபோர்டை மேல்மூடியோடு பிளாஸ்டிக் குமிழ் உருக்கி ஒட்டியிருப்பார்கள். அதைப் பிரித்து ஒட்டுவதைவிட யுஎஸ்பி கீபோர்டு ஒன்று வைத்துக்கொள்வது மேல். சிலிக்கான் கவர் போடுகிறவர்கள் ராத்திரி அதைக் கழற்றிவிடுங்கள். டீயைத் தடுக்கும், ஆனால் உள்ளே போன ஈரத்தை வெளியே விடாது.

பல மழைக்காலம் தாங்கியவற்றில் மெக்கானிக்கல் கீபோர்டுக்குத்தான் முதல் இடம். ஒவ்வொரு கீயும் தனி ஸ்விட்ச், கோடுகள் போர்டில் செம்பால் ஓடுகின்றன, பச்சை வார்னிஷ் மூடியிருக்கிறது. பில் கவுன்டர்களில் டிவிஎஸ் கோல்டு தடதடவென்று வருஷக்கணக்கில் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கும் மலையில் ஒரு வியாதி உண்டு. தொடுமுனை மங்கி, ஒருமுறை அழுத்தினால் எழுத்து இரண்டுமுறை விழும். மூடியைப் பிடுங்கி, இரண்டு சொட்டு கான்டாக்ட் கிளீனர் விட்டு ஐம்பது முறை அழுத்துங்கள். கேட்கவில்லை என்றால் அந்த ஒரு ஸ்விட்சை மட்டும் மாற்றலாம். ஹாட் ஸ்வாப் வகையில் பிடுங்கிச் செருகினால் போதும், மற்றதில் இரண்டு கால் மட்டும் சால்டர் செய்ய வேண்டும். விலை கூடுதல்தான், ஆனால் மூன்று மெம்பரேன் வாங்கும் செலவை அது மிச்சப்படுத்துகிறது.

வயர்லெஸ்ஸில் ஒரே எழுத்து நிற்காமல் ஓடினால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள், உறைபனிக் காலத்தில் செல் சீக்கிரம் சோர்ந்துவிடும். ரிசீவரை யுஎஸ்பி 3 போர்ட்டிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் வயரால் தள்ளி வைப்பதும் உதவும்.

ஊட்டி, கூடலூருக்கு ஜூனிலிருந்து செப்டம்பர் வரை, குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கவனம் தேவை. 12 டிகிரி அறையை எலெக்ட்ரிக் ஹீட்டரால் 22 டிகிரிக்கு ஏற்றினால் 95 சதவீத ஈரப்பதம் 50-க்கு இறங்கும். கேஸ் ஹீட்டர் அப்படியில்லை. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோ தண்ணீர் ஆவியாக அறைக்குள்ளேயே சேரும். ஊட்டிக் குளிரில் கிடந்த லேப்டாப்பை மேட்டுப்பாளையம் இறங்கியதும் பையிலிருந்து எடுக்காதீர்கள். கீழே உள்ள வெக்கைக் காற்று பட்டதும் அதன் உடம்பெல்லாம் வியர்க்கும், அந்த நீர் கீக்கு அடியில் இறங்கும். ஜிப்பைத் திறக்காமல் இரண்டு மணி நேரம் விட்டு, பைக்கு வெளியே உள்ள சூட்டுக்கு அது வந்தபின் திறவுங்கள்.