பலகைக்கு முழு மதிப்பெண், கையேட்டுக்குப் பூஜ்யம்

என்னுடையது 1970-ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார். முன்பக்கம் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண்) வைத்து வந்த 1302 மாடல் அல்ல. இரண்டு குழாய்களுக்குள் டார்ஷன் பட்டைகளை (முறுக்கினால் ஸ்பிரிங்காக வேலை செய்யும் எஃகுப் பட்டைகள்) அடுக்கிய பழைய அச்சு. புதிதாகப் போட்ட முன் டயரை உள்ளிருந்து வெளியே தடவினால் ரம்பப் பல்லாக உள்ளங்கையைப் பிறாண்டியது. டோ-இன், அதாவது முன்சக்கரங்கள் முன்னால் உள்நோக்கிக் குவிந்திருக்கும் அளவு, எக்கச்சக்கம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கணினி வைத்த பட்டறை ஒன்றில் கேட்டேன். பட்டியலில் இந்த மாடலே இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். ஆகவே சக்கரங்களின் கோணங்களை வீட்டிலேயே அளக்க ஒரு வீல் அலைன்மென்ட் கிட் வாங்கினேன்: டயரோடு சாத்தி நிறுத்த இரண்டு அலுமினியப் பலகைகள், இரண்டு அளவு டேப்கள், முதுகில் காந்தம் பதித்த டிஜிட்டல் கோணமானி, நான்கு பக்கக் கையேடு.

பலகைகளைக் குறை சொல்ல முடியாது. டயரின் அடிப்புறம் பிதுங்கும் இடத்தில் வெட்டிவிட்டிருக்கிறார்கள். அதனால் ஆடாமல் நிற்கின்றன. டேப் சொருகும் காடிகளில் பிசிறு இல்லை.

தகராறு டேப்பில்தான். சக்கரங்களுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. மறுமுனையை மகள் பிடித்துக்கொண்டாள். வித்தியாசம் 12 மில்லிமீட்டர். சந்தேகம் வந்து டேப்களை இடம் மாற்றினேன், 10 ஆகிவிட்டது. "அப்பா, இதில் எது பொய் சொல்கிறது?" என்றாள். இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கமாக நீட்டினால் ஒரு மில்லிமீட்டர் ஏறுமாறு. ஒன்றை மூலையில் எறிந்துவிட்டு, மற்றதாலேயே முன்னும் பின்னும் அளந்தேன். சரியாக 11.

இனி எவ்வளவுக்கு வைப்பது? கையேடு "உற்பத்தியாளர் சொன்ன மில்லிமீட்டருக்கு" என்கிறது. எந்த இடத்தில் அளந்த மில்லிமீட்டர் என்று சொல்ல வேண்டாமா? பீட்டிலுக்கு டோ-இன் இரு சக்கரமும் சேர்த்து அரை டிகிரி. 15 அங்குல ரிம்மின் அளவில் அது 3.3 மில்லிமீட்டர். இந்தப் பலகையின் காடிகளோ 600 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. அங்கே அதே அரை டிகிரி 5.2 ஆகிவிடும். இந்த ஒரு வரியை அச்சிட்டிருந்தால் நான் காகிதமும் பென்சிலுமாக ஒரு மாலைப் பொழுதைக் கழித்திருக்க மாட்டேன்.

கேம்பரை, அதாவது சக்கரம் பக்கவாட்டில் சாயும் கோணத்தை, மாற்றினால் டோவும் நகரும் என்பதால் முதலில் கேம்பர். கோணமானியைப் பளபளவென்று செய்திருக்கிறார்கள், ஆனால் ஒட்ட இடம் வேண்டுமே! என் வண்டியில் இடது சக்கர மூடியின் நடுவே ஸ்பீடோமீட்டர் கேபிளின் நுனி துருத்திக்கொண்டிருக்கிறது. ஒரு நேரான இரும்புச் சட்டத்தை ரிம்மின் மேல் கீழ் விளிம்புகளில் சாத்தி, அதன்மேல் காந்தத்தை ஒட்டிச் சமாளித்தேன். தரை சரிவையும் கழிக்க வேண்டும். இரு சக்கரங்களும் நிற்கும் இடத்துக்குக் குறுக்கே ஒரு மரச்சட்டத்தைக் கிடத்தி, அங்கே பூஜ்யம் வைத்துக்கொண்டேன். மேல் பால் ஜாயின்ட்டில் (பந்து மூட்டு) இருக்கும் எக்சென்ட்ரிக் புஷ்ஷின் (துளை நடுவிலிருந்து விலகிய வளையம்) வெட்டு முன்னோக்கி இருப்பதுதான் ஆரம்ப நிலை. அதைக் கொஞ்சம் திருப்பியதும் பாசிட்டிவ் (மேற்புறம் வெளியே சாய்ந்த) அரை டிகிரிக்கு வந்து நின்றது.

இந்த அச்சின் கைகள் முன்பின்னாக அமைந்திருப்பதால் வண்டி ஏறி இறங்கினாலும் கேம்பர் அவ்வளவாக மாறுவதில்லை. கைகள் குறுக்காக அமைந்த விஷ்போன் வண்டிக்காரர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர்கள் ஜாக்கியிலிருந்து இறக்கியதும், முன்பக்கத்தை நன்றாக அழுத்திக் குலுக்கி, சற்றுத் தூரம் உருட்டிய பிறகே அளக்க வேண்டும்.

பெட்டியின் மேல் "காஸ்டர்" (சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாயும் கோணம்) என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். சக்கரத்தை இருபுறமும் 20 டிகிரி திருப்பி, கேம்பர் வித்தியாசத்தை ஏறக்குறைய ஒன்றரையால் பெருக்கினால்தான் காஸ்டர் கிடைக்கும். அதற்குச் சக்கரத்தின் அடியில் வைக்கும் சுழல் தட்டு வேண்டும். பெட்டிக்குள் இல்லை.

கடைசியாக, டோவை மாற்ற, ஸ்டீயரிங்கைச் சக்கரங்களோடு இணைக்கும் டை ராடுகள். லாக் நட்டைத் தளர்த்திக் கால் சுற்று, வண்டியை முன்னோக்கி ஓர் ஆள் நீளம் தள்ளு, அள. பின்னோக்கித் தள்ளினால் மூட்டுகளின் தளர்வு எதிர்ப்பக்கம் போய்விடும், அளவு ஏமாற்றும். ஐந்தாவது முறை 5 மில்லிமீட்டர். போதும் என்று நட்டை இறுக்கினேன்.

பலகைகளுக்காக மட்டும் இதை வாங்கலாம்; நல்ல டேப் ஒன்று தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். பால் ஜாயின்ட்டிலோ சக்கர பேரிங்கிலோ ஆட்டம் இருந்தால், அதைச் சரிசெய்யும் வரை கிட்டைப் பிரிக்கவே வேண்டாம்.

வண்டி இப்போது நேராகப் போகிறது. ஸ்டீயரிங்கின் குறுக்குக் கம்பிதான் இடப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கிறது. ஒரு டை ராடை நீட்டி, மற்றதை அதே அளவு குறுக்க வேண்டும். டேப் பிடிக்க வர மாட்டேன் என்று மகள் இப்போதே சொல்லிவிட்டாள்.