குழாயில் தண்ணி: தம்பியின் பைபேப் மூன்றாவது பனிக்காலத்தில்

பொகவந்தலாவையிலிருந்து ஒரு அண்ணன் கேட்டிருந்தார்: "தங்கச்சி, தம்பிக்குப் போடுற பைபேப் விலை இறங்கியிருக்காம். மகனுக்கு எடுக்கலாமா?" பைபேப் என்பது மாஸ்க் வழியாகக் காற்றைத் தள்ளி மூச்சுக்குத் துணை செய்யும் மெஷின். என் தம்பியைப் போலவே அவர் மகனுக்கும் டுஷேன் தசைத் தேய்வுதான், உடம்பின் தசைகள் நாளடைவில் பலமிழக்கும் நோய். அதனால் எஸ்டி மோட் (பிள்ளை இழுக்காவிட்டாலும் மெஷினே மூச்சைக் கொடுக்கும் அமைப்பு) எதற்கு, மாஸ்க் எந்த சைஸ் என்பதெல்லாம் அவருக்கே தெரியும், இங்கே வேண்டாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், கோபத்தில் விட்டுப்போய்விடும். இந்த மெஷினின் கெட்டிக்காரத்தனம் அதன் டிரிகர், அதாவது மூச்சு இழுக்கத் தொடங்குவதைக் கண்டுபிடிக்கும் பகுதி. தம்பி இழுப்பது பூனைக்குட்டி மூச்சு. அதையும் பிடித்து அந்த நொடியே காற்றைத் தள்ளும். முன்பு இரவலாக வைத்திருந்த மெஷின் அவன் இழுத்து முடித்த பிறகுதான் விழிக்கும். ராத்திரி காபனீரொட்சைட்டு தேங்கி விடிந்ததும் வரும் தலைவலி இதற்கு மாறியபின் நின்றுவிட்டது. இப்போது எழும்பியதும் ரொட்டியும் கட்டச்சம்பலும் கேட்கிறான். (மலிவாக இருக்கிறதென்று ஒட்சிசன் மெஷினை வாங்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்குக் குறை நுரையீரலில் இல்லை, மூச்சு இழுக்கிற தசையில். வெறும் ஒட்சிசன் கொடுத்தால் விரலில் மாட்டும் மீட்டர் நல்ல நம்பர் காட்டும், உள்ளே காபனீரொட்சைட்டு ஏறிக்கொண்டே போகும்.)

இனி தண்ணிக் கதை. நாங்கள் நானுஓயாப் பக்கம். ஜனவரி, பெப்ரவரியில் தேயிலைக் கொழுந்தே பனியில் கருகும். தகரக் கூரை போட்ட லயக் காம்பராவுக்குள் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மெஷினோடு இருக்கும் ஹியூமிடிஃபயர் (காற்றுக்கு ஈரம் சேர்க்கும் தண்ணித் தொட்டி) சூடாக்கி அனுப்பும் ஈரக்காற்று, ஆறடி ட்யூபைக் கடப்பதற்குள் குளிர்ந்து தண்ணியாகிறது. ட்யூப் தொங்கும் இடத்தில் சேர்ந்து களகளவென்கிறது. சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். நான் மேலே புகழ்ந்த டிரிகர் இருக்கிறதே, அது அந்தத் தண்ணி ஆடுவதையும் மூச்சென்று நினைத்து, பிள்ளை கேட்காத காற்றைத் தள்ளுகிறது. அவன் வெளியே விடும்போது இது உள்ளே தள்ளும். சில ராத்திரி தண்ணி மாஸ்க்குக்குள்ளேயே வந்து மூக்கில் ஏறும். கையைத் தூக்கி மாஸ்க்கைத் தள்ள அவனால் முடியாது. விரலுக்கடியில் வைத்திருக்கும் பெல்தான் ஒரே வழி.

விற்றவரைக் கேட்டால், "ஹியூமிடிட்டி நம்பரைக் குறைங்க மிஸ்" என்றார். குறைத்தோம். சளி கட்டியாகிவிட்டது. இருமித் துப்பப் பலமில்லாத பிள்ளைக்குக் கட்டிச் சளி, தண்ணியைவிட மோசம். பழைய நம்பருக்கே போனோம். சூடாகும் ட்யூப் என்று ஒன்று இருக்கிறது. அதைப் பொருத்த இந்த மொடலில் வழியே இல்லை. இதைக் காசு வாங்குமுன் ஒருவர் சொல்லியிருக்கலாம்.

இப்போது மெஷினைக் கட்டிலைவிடத் தாழ்வாக வைக்கிறோம், தண்ணி முகத்துக்குப் போகாமல் திரும்பி வரட்டும் என்று. அம்மா பழைய கம்பளியை வெட்டி ட்யூபுக்கு உறை தைத்தார். ட்யூபின் பாதியைப் போர்வைக்குள்ளேயே விடுகிறோம். நன்றாகவே குறைந்தது. ஆனால் விடியற்காலைக் குளிருக்கு இதெல்லாம் காணாது.

கரண்ட் விஷயத்தில் குறை சொல்ல மாட்டேன். 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு புகுந்து நாடே இருண்டதே, அன்று கார் பெட்டரியில் அமைதியாக ஓடியது. ஹியூமிடிஃபயரின் ஹீட்டரை மட்டும் நிறுத்த வேண்டும், பெட்டரியைக் குடிப்பது அதுதான்.

அண்ணே, நீங்கள் இவ்வளவு குளிராத மாத்தளையில் இருந்தால் யோசிக்காமல் எடுங்கள் என்பேன். பொகவந்தலாவைக் குளிருக்கு வேண்டாம். இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறாளே என்று தோன்றும். நேற்று ராத்திரியும் தூங்கவில்லை, அந்தக் கோபமும் இதில் இருக்கிறது. ஆனாலும் வேண்டாம். சூடாகும் ட்யூப் பொருத்தலாம் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாமல், பொருத்திக் காட்டச் சொல்லிப் பார்த்தபின் காசைக் கொடுங்கள். ப்ரஷர் நம்பர்களை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், அது மகனைப் பார்க்கும் டொக்டர் வைக்க வேண்டியது.