பின் சக்கரத்தில் டிரம்மா, டிஸ்க்கா?

தர்மபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாயில் இறங்கும்போதுதான் பிரேக்கின் அருமை தெரியும். சரி, உங்கள் காரின் பின் சக்கரத்தில் இருப்பது எது? வீல் இடுக்கு வழியாகப் பாருங்கள். பளபளக்கும் தட்டும் அதைக் கவ்விய காலிப்பரும் தெரிந்தால் டிஸ்க். சட்டியைக் கவிழ்த்ததுபோல மூடிய இரும்பு என்றால் டிரம். ஆல்டோ, வேகன்ஆர் எல்லாம் டிரம்தான்.

டிஸ்க்கில் சூடு சீக்கிரம் ஆறும். தட்டை அழுத்திப் பிடிக்கும் பேட்டின் தேய்மானத்தைப் பெரும்பாலும் வெளியிலிருந்தே பார்க்கலாம், அதன் கனம் 3 மி.மீ. அளவுக்குக் குறைந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். விலைதான் கூடுதல்.

டிரம்மில் எல்லாம் உள்ளே மறைந்திருக்கிறது. அதனாலேயே பலர் அதை மறந்துவிடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. சக்கரத்தையும் டிரம்மையும் கழற்றினால்தான் டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூ தேய்ந்திருக்கிறதா, அந்த ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரில் பிரேக் ஆயில் கசிகிறதா என்று தெரியும். கசிவு ஷூவில் பட்டால் பிடிப்பே போய்விடும். ஹேண்ட் பிரேக் முன்பைவிட மேலே ஏறி வந்தால் அதுவும் ஓர் அறிகுறி. உள்ளே படிந்த தூசிக்கு ஏர் அடிக்க வேண்டாம், நுரையீரலுக்குக் கெடுதல், ஈரத்துணியால் துடையுங்கள்.

சிறிய காருக்கு டிரம்மே தாராளமாகப் போதும் என்பேன். பிரேக்கின் பெரும்பங்கு வேலையை முன் சக்கரங்கள்தான் செய்கின்றன. அப்புறம், எந்த வகையானாலும் பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். தொப்பூர் இறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்குங்கள், நியூட்ரலில் விடாதீர்கள்.