ரோக்னா 25 கிலோ: கடல் தாண்டும் படகுக்கு முதலில் வாங்க வேண்டியது நங்கூரம்தான்

நெடும்பயணத்துக்குப் பாய்மரப்படகைத் தயார் செய்கிறவர்களிடம் பேசினால் சோலார் எத்தனை வாட், கடல்நீரைக் குடிநீராக்கும் வாட்டர்மேக்கர் எது, சேட்டிலைட் போன் வேண்டுமா என்றுதான் பேச்சு ஓடுகிறது. நங்கூரத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. படகை வாங்கும்போதே அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், ஏதோ ஒன்று தொங்கியது, அது போதும் என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு இது மனசுக்கு ஒப்பவே இல்லை. கடல் தாண்டிப் போகிற படகு பாய் விரித்து ஓடும் நாளைவிட நங்கூரத்தில் நிற்கும் நாள்தான் அதிகம். கையில் இருக்கும் காசில் முதல் செலவு இதற்குத்தான் ஆக வேண்டும்.

எங்கள் படகு 39 அடி நீளம். தண்ணீர், டீசல், சாமான் எல்லாம் ஏற்றினால் ஒன்பது டன்னைத் தொடும். மலேசியாவின் லங்காவித் தீவில் வைத்திருக்கிறோம். வங்காள விரிகுடாவைக் கடந்து இலங்கை, மாலத்தீவு வழியாக மேற்கே போவதுதான் திட்டம். படகோடு வந்தது கலப்பை வகை நங்கூரம், எந்தக் கம்பெனி என்று பொறிக்காத நகல். அந்த வடிவத்தைக் குறை சொல்லவில்லை. ஜி. ஐ. டெய்லர் என்ற கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி 1933-இல் கடல் விமானங்களுக்காக உருவாக்கியது. இத்தனை குறைந்த எடையில் இவ்வளவு பிடிமானமா என்று அன்றைக்கு எல்லோரும் வியந்த பொருள். ஆனால் அதன் முகம் இரண்டு பக்கமும் சரிந்து மண்ணை விலக்கிவிடும். கெட்டி மணலிலும் குழைந்த சேற்றிலும் ஊன்றி நிற்காமல் உழுதுகொண்டே வரும்.

மலாக்கா நீரிணையில் தென்மேற்குப் பருவக் காலத்தில் ‘சுமத்ரா’ என்று ஒரு காற்று உண்டு. பெரும்பாலும் விடியலுக்கு முன்னால்தான் வரும். அசைவே இல்லாமல் இருந்த இடத்தில் சில நிமிடத்துக்குள் 40 நாட் (மணிக்கு சுமார் 74 கிலோமீட்டர்) வேகத்தில் அடிக்கும், கூடவே மழை. அப்படி ஒரு இரவில் லங்காவியின் குவா ஊருக்கு எதிரே நின்றிருந்தோம். என் மனைவி மேலே போய்ப் பார்த்துவிட்டு, “என்னங்க, பக்கத்துப் படகு நம்ம மேல வருது!” என்று கத்தினாள். அந்தப் படகு அசையவில்லை, நாங்கள்தான் நழுவிக்கொண்டிருந்தோம். எஞ்சினைப் போட்டு மழையில் முன்னே ஓட்டித்தான் தப்பித்தோம். நங்கூரத்தை மாற்றுவது என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

நான் வாங்கியது ரோக்னா நங்கூரம். அதை வடிவமைத்தவர் நியூசிலாந்துக்காரர் பீட்டர் ஸ்மித். முகம் கலப்பைக்கு நேர் எதிர், மண்வெட்டி போல உள்பக்கம் குழிந்தது. பின்பக்கம் வளைந்த குழாய் ஒன்று பற்றவைத்திருக்கும். அது எதற்கு என்பதை தாய்லாந்தின் அடாங் தீவில், தெளிந்த தண்ணீரில் நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு மேலிருந்து பார்த்தேன். நங்கூரம் பக்கவாட்டில்தான் விழுந்தது. அந்த வளைவு அதை மல்லாந்து கிடக்க விடவில்லை. சங்கிலி மெல்ல இழுத்ததும் கூர் முனை மணலில் குத்தியது, தண்டு நிமிர்ந்தது, அப்புறம் படகு நீளம்கூட நகராமல் உள்ளே இறங்கியது. மனைவி எஞ்சினை ரிவர்ஸில் 2000 ஆர்பிஎம் வரை ஏற்றினாள். மணலுக்கு மேல் வளைவின் உச்சி மட்டும்தான் தெரிந்தது. அதன் பிறகு சுமத்ரா காற்று பலமுறை வந்துவிட்டது. படகு நழுவினால் எச்சரிக்கும் ஜிபிஎஸ் அலாரம் ஒரு தடவைகூட அடிக்கவில்லை.

அளவு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 20 கிலோவே போதும் என்று சொன்னவர்கள் உண்டு. நான் 25 எடுத்தேன், நாலாயிரம் ரிங்கிட்டை ஒட்டி ஆனது. ஐந்து கிலோ கூடினால் அணியம் ஒன்றும் முங்கிவிடாது. ஆனால் வாங்கும் முன் அந்த வளைவு உங்கள் படகில் நங்கூரம் தங்கும் அணிய உருளைக்குள் நுழையுமா என்று அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்துவிடுங்கள். பல படகுகளில் இடிக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு அதே வடிவமைப்பாளரின் வல்கன் இருக்கிறது, அதில் வளைவு கிடையாது. இன்னொன்று, குழிந்த முகமுள்ள எந்த நங்கூரமும் சேற்றிலிருந்து வரும்போது ஒரு சுமை சேற்றோடுதான் வரும். அணியத்தில் உப்புத் தண்ணீர் பம்ப் வைத்துக்கொள்வது நல்லது.

நங்கூரத்தைவிட எனக்குத் தலைவலி கொடுத்தது சங்கிலி. ஒரு கடையில் 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள சங்கிலி 70 மீட்டர் வாங்கினேன். ஜிப்சி, அதாவது நங்கூரத்தைத் தூக்கும் எந்திரமான வின்ட்லாஸில் சங்கிலியைப் பிடிக்கும் பல்சக்கரம், அதைப் பிடிக்கவே இல்லை. குதித்துக் குதித்துத் தானாகக் கடலுக்குள் ஓடியது. கடைக்காரரிடம் போனால், “பத்து மில்லின்னா பத்து மில்லிதான் அண்ணே” என்கிறார். அப்படி இல்லை. டின் 766 என்ற ஜெர்மன் தரத்தில் 10 மில்லி சங்கிலிக் கண்ணியின் உள்நீளம் 28 மில்லிமீட்டர், ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரத்தில் 30. பத்துக் கண்ணிக்கு இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம், பல்லில் எப்படி உட்காரும்? திருப்பி எடுக்கவும் மறுத்துவிட்டார்கள். ஜிப்சியில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து, கண்ணியை அளந்த பிறகு காசைக் கொடுங்கள்.

நீளமும் முக்கியம். லங்காவியில் பௌர்ணமி, அமாவாசை சமயத்தில் கடல் மூன்று மீட்டர் ஏறி இறங்கும். வற்றத்தில் ஐந்து மீட்டர் ஆழம் என்றால் ஏற்றத்தில் எட்டு. நீர்மட்டத்திலிருந்து அணியம் ஒரு 1.2 மீட்டர். ஆக 9.2, அதற்கு ஐந்து மடங்கு என்றால் 46 மீட்டர் விட வேண்டும். மாலத்தீவில் பவளப்பாறைக்குப் பக்கத்தில் 20 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள இடங்களில் நிற்க வேண்டி வரும் என்பதால்தான் 70 மீட்டர்; அங்கே ஐந்து மடங்கு வராது, மூன்று மடங்கை ஒட்டித்தான் கிடைக்கும். 10 மில்லி சங்கிலி மீட்டருக்கு இரண்டேகால் கிலோ சொச்சம். இந்த எடையைக் கையால் இழுக்க முடியாது, வின்ட்லாஸ் கட்டாயம்.

நங்கூரத்தையும் சங்கிலியையும் இணைக்கும் இரும்புக் கொக்கியான ஷேக்கிளின் ஆணியைக் கம்பியால் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் தானாகக் கழன்றுவிடும். சங்கிலியின் கடைசி முனையைப் படகோடு ஷேக்கிள் போட்டுப் பூட்டாதீர்கள். தளம் வரை எட்டும் நீளத்தில் ஒரு கயிற்றால் கட்டுங்கள், அவசரத்தில் கத்தியால் அறுத்துவிட்டு ஓடலாம். இரண்டாவது நங்கூரமாக அலுமினியத்தில் செய்த ஃபோர்ட்ரெஸ் எஃப்எக்ஸ்-23 வைத்திருக்கிறோம். ஏழு கிலோகூட இல்லை, கழற்றி மடித்து வைக்கலாம். சேற்றில் போடும்போது தட்டின் கோணத்தை 32 டிகிரியிலிருந்து 45-க்கு மாற்றிக்கொள்ளலாம். டிங்கி என்கிற சின்னத் துணைப்படகில் வைத்து என் மனைவி தனியாகவே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருகிறாள்.