வண்ணார்பேட்டை குஷன் கடை: சீட்டுக்குப் போகலாம், ஸ்டியரிங் கவர் வேண்டாம்

அப்பாவின் பழைய டாடா இண்டிகாவுக்குச் சீட் மாற்ற, திருநெல்வேலி வண்ணார்பேட்டை பைபாஸ் பக்கம் உள்ள சின்னக் குஷன் கடை ஒன்றில் வண்டியை விட்டேன். எனக்குப் பிழைப்பே சீட்தான். இங்கே மெக்கானிக்கல் படித்து, அப்புறம் காந்திநகரில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் (NID) வாகன வடிவமைப்பு முடித்து, இப்போது இத்தாலியில் டூரின் நகரத்தில் கார்களின் உட்புறம் வரைகிறேன். 1998இல் வெளிவந்த இந்த இண்டிகாவின் உருவத்தை வரைந்ததும் அதே டூரினில் இருந்த ஐடியா இன்ஸ்டிடியூட்தான். அப்பாவிடம் சொன்னால், "அங்க இருந்து வரைஞ்சவனுக்கு நம்ம ஊரு வெயிலு எப்படித் தெரியும்?" என்கிறார்.

கடைக்கார அண்ணாச்சிக்குத் தெரிந்திருக்கிறது. நான் கை வைத்தது வழவழப்பான கறுப்பு ரெக்சின். "தம்பி, அது வேண்டாம். மத்தியானம் வெயில்ல நிப்பாட்டிட்டு வந்து உக்காந்தா தொடை வெந்துரும். நடுவுல ஓட்ட போட்டது இருக்கு, நெறமும் கொஞ்சம் வெளுப்பா எடுத்துக்கிடுங்க" என்றார்.

எங்கள் ஸ்டுடியோவில் ஒரு துணியைத் தேர்ந்தெடுக்க அதை இயந்திரத்தில் ஆயிரக்கணக்கான தடவை தேய்ப்பார்கள்; வெயில் மாதிரி அடிக்கும் செனான் விளக்கின் கீழே வைத்து வெளுக்கிறதா என்று பார்ப்பார்கள். நான் போட்ட கோடு ரோட்டுக்கு வர மூன்று, நான்கு வருஷம் ஆகும். அதில் உட்காரப்போகிறவர் யார் என்று மட்டும் கடைசிவரை தெரியாது. அண்ணாச்சியோ அளவு எடுக்கும் முன்பே அப்பாவை ஏறி இறங்கச் சொன்னார். முழங்கால் வலி, அப்பா கதவு ஓரத்தில் மொத்தக் கனத்தையும் போட்டுச் சரிந்துதான் இறங்குவார். டிரைவர் சீட்டில் முதலில் கிழிவதும் பெரும்பாலும் அந்த ஓரம்தான். அங்கே பைப்பிங் (தையல் ஓரத்தில் உருண்டையாக வைக்கும் பட்டி) வைக்காமல், தையலை உள்ளே தள்ளி, அடியில் கெட்டி ஃபோம் கொடுத்தார்.

பழைய உறை மேலேயே புதுசை இழுத்து மாட்டும் வேலை இங்கே இல்லை. பழையதைப் பிரித்து, அதையே மாதிரியாக வைத்து வெட்டி, அமுங்கிப்போன ஃபோமை மாற்றி, கம்பி வளையம் போட்டு இறுக்குகிறார்கள். இரட்டைத் தையல் எங்கும் கோணவில்லை. ஸ்கேல் வைத்தே பார்த்தேன், தொழில் புத்தி.

குறை என்றால், சொன்ன நாளில் வண்டி கைக்கு வராது. பாதியில் ரெக்சின் ரோல் தீர்ந்துபோய், பின்கதவு இரண்டுக்கும் வேறு ரோலில் வெட்டியிருக்கிறார்கள். நிழலில் தெரியாது, வெயிலில் நிறம் ஒட்டவில்லை. கேட்டால், "ஓட ஓடச் சரியாயிரும்" என்கிறார். ஆகாது. முன்பணம் கொடுக்கும்போதே கதவுக்கும் சேர்த்து ஒரே ரோலில் வெட்டச் சொல்லிவிடுங்கள்.

சாமான், கூலி எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய் ஆனது. ஸ்டியரிங் கவர் இலவசம் என்று அவர்களாகவே மாட்டிவிடுகிறார்கள். திருப்பும்போது கைக்குள் வழுக்குகிறது, கடை வாசலிலேயே கழற்றிக் கொடுத்துவிடுங்கள்.