லஜ்பத் நகர் ஆப்கன் கடை: புலாவ் அருமை, கபாப் சுமார்

டெல்லியில் காரம் இல்லாமல் ருசியாக எதுவும் கிடைப்பதில்லை என்று அலுத்துக்கொள்ளும் நம் ஊர்க்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். லஜ்பத் நகர் 2-இல் ஆப்கானியர்கள் நடத்தும் கடைகள் நிறைய. அதில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருக்கும் சின்னக் கடை இது. காபூலில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், பெயர் போட வேண்டாம் என்று முதலாளி கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை.

முதலில் காபூலி புலாவ். நீள அரிசி, மேலே கேரட்டும் உலர்திராட்சையும், அடியில் புதைந்து கிடக்கும் ஆட்டுக்கறி. பிரியாணி நினைப்போடு போனால் முதல் வாய் சப்பென்றுதான் இருக்கும், ஆனால் கறிச்சாறு அரிசியில் இறங்கியிருப்பது நாக்குக்குப் பிடிபட்ட பிறகு கை நிற்காது. மந்து என்பது கறி வைத்த கொழுக்கட்டை மாதிரி, மேலே தயிர் ஊற்றித் தருவார்கள், அவசியம் வாங்குங்கள். சைவத்துக்கு உருளைக்கிழங்கு உள்ளே வைத்த தட்டை ரொட்டியான போலானி உண்டு. கபாப் மட்டும் காய்ந்து போயிருந்தது, அதைக் கொண்டுவரவும் ரொம்ப நேரம்.

இந்தக் கடை ஏன் டெல்லியில் இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1979 டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது. அதை விரட்ட அமெரிக்காவும் சவூதியும் பணத்தையும் ஆயுதத்தையும் கொட்ட, பாகிஸ்தான் உளவுத்துறை அதில் பெரும்பங்கைத் தீவிர மதவாதக் குழுக்களுக்கே கொடுத்தது. ரஷ்யர்கள் போனார்கள், துப்பாக்கிகள் போகவில்லை. 1994-இல் தாலிபான் கிளம்பி 1996-இல் காபூலைப் பிடித்தது, அதே ஆண்டு பின் லேடனும் அங்கே வந்து சேர்ந்தார். 2001 மார்ச்சில் பாமியான் புத்தர் சிலைகளைத் தகர்த்தார்கள், செப்டம்பரில் பின் லேடனின் ஆட்கள் நியூயார்க்கைத் தாக்கினார்கள். எல்லாவற்றுக்கும் மதம்தான் காரணம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வெறியைத் தீனி போட்டு வளர்த்தவை அரசுகள். தாலிபானைத் தாங்கிப் பிடித்த பாகிஸ்தானே 2025 அக்டோபரில் அவர்களோடு எல்லையில் மோதியது.

அடுத்த மேஜையில் காபூல் சீக்கியர் குடும்பம், அதற்குப் பக்கத்தில் ஆப்கானிஸ்தானின் சிறுபான்மை இனமான ஹசாரா இளைஞர்கள். 2020 மார்ச்சில் காபூல் குருத்வாராவில் 25 பேரைக் கொன்றதற்குப் பொறுப்பேற்ற ஐஎஸ் அமைப்புதான் ஷியாக்களான ஹசாராக்களின் பள்ளிவாசல்களிலும் குண்டு வைத்தது.

முதலாளியின் அக்கா மகள் காபூலில் ஆறாம் வகுப்போடு நிற்கிறாள், அதற்கு மேல் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. மீண்டும் ஆட்சிக்கு வந்துவிட்ட தாலிபானின் வெளியுறவு அமைச்சர் முத்தக்கி 2025 அக்டோபரில் டெல்லிக்கு வந்தபோது, அவருடைய முதல் செய்தியாளர் சந்திப்பில் பெண் பத்திரிகையாளர் ஒருவர்கூட இல்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் அடுத்த சந்திப்புக்கு அவர்களைக் கூப்பிட்டார்கள். அண்டை நாட்டோடு அரசு பேசத்தான் வேண்டும், சரி. நம் தலைநகரில் இப்படி நடந்ததை என்னால் ஏற்கவே முடியவில்லை.

இந்தியா 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை, இங்கே அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் கிடையாது. இவர்களில் பலருக்கு முறையான வேலை கிடைப்பதே கஷ்டம். இப்படிப்பட்ட கடைகளில் கூட்டம் இருப்பது நல்லது.

வெள்ளிக்கிழமை மதியம் இடம் கிடைக்காது, வேறு நாளில் போங்கள். இரண்டு பேருக்கு ஒரு புலாவும் ஒரு மந்துவும் போதும். கடைசியில் ஏலக்காய் போட்ட பச்சைத் தேநீர் கேளுங்கள்.