சுங்கை சிப்புட்ல பழைய ரிமோட் போட்டுக்கு உயிர் குடுக்கிற ஒரு ரேடியோ கடை

வீட்டு ஸ்டோர்லயோ அலமாரி மேலயோ பழைய காலத்து ரிமோட் கன்ட்ரோல் போட் தூசி புடிச்சு கெடந்தா தயவு செஞ்சு பழைய சாமான்காரன்கிட்ட போட்டுடாதீங்க மக்களே. மலேசியா பேராக்ல, சுங்கை சிப்புட் டவுன்ல பழைய கடை வரிசையில ஒரு ரேடியோ ரிப்பேர் கடை இருக்கு, அங்க கொண்டு போங்க. போர்டுல ரேடியோ, டிவி, காத்தாடி ரிப்பேர்னு மட்டும்தான் போட்டிருக்கும், போட்டுன்னு எங்கயும் எழுதி இருக்காது. உள்ள போயி நிமிர்ந்து பாத்தீங்கன்னா தெரியும், மேல் ராக்கு முழுக்க போட்டுதான்.

கடைய நடத்துற ஐயா முன்ன எஸ்டேட்டு ரப்பர் ஃபேக்டரியில ஃபிட்டரா இருந்தவரு. எஸ்டேட்டு கைமாறி ஃபேக்டரிய மூடுனப்ப அங்க இருந்த சின்ன லேத் மெஷினை இவரே வாங்கிட்டாராம், இன்னைக்கும் கடைக்கு பின்னாடி அதுதான் ஓடுது. நான் குடுத்த போட் ஏரோகிட்ஸ் கம்பெனியோட கிராஷ் டெண்டர், 34 இன்ச் நீளம், பிளைவுட் பாடி. 1950கள்ல இங்கிலாந்துல லெஸ் ரோவெல் டிசைன் பண்ணி, நாமளே ஒட்டி செய்ற கிட்டா வித்த வரிசையில இதுவும் ஒண்ணு, பிளேன் கடல்ல விழுந்தா ஆளை காப்பாத்த ஓடுற ஆர்ஏஎஃப் (பிரிட்டிஷ் விமானப்படை) படகோட மாதிரி. எங்க தாத்தா பங்களாவுல குக்கா இருந்தாரு, துரை ஊருக்கு கிளம்பும்போது இதை அவருக்கு குடுத்துட்டு போயிட்டாரு. எங்க வீட்டுல யாரும் இதை தண்ணியில விட்டதே இல்ல.

கொண்டு போயி மேஜையில வச்சதும் அவரு கேட்ட முதல் கேள்வியே எனக்கு புடிச்சு போச்சு. "தம்பி, இது ஷோகேஸ்ல நிக்கணுமா, தண்ணியில ஓடணுமா?" ரெண்டும் வேற வேற வேலை, காசும் வேற. ஷோகேஸ்னா பழைய பெயிண்டை கூட தொடக்கூடாது, துடைச்சு ஒட்டி குடுத்துடுவேன், ஓடணும்னா அடியில இருந்து திறந்து பாக்கணும்னாரு. ஓடணும்னு சொன்னேன். அப்புறம்தான் ஸ்க்ரூ டிரைவரையே எடுத்தாரு. இந்த ஹாபியில நான் பாத்த பெரிய பிரச்சனையே இதுதான், நெறைய பேரு கேக்காமலேயே பழசை எல்லாம் புடுங்கி எறிஞ்சிட்டு புது மோட்டார், புது பேட்டரின்னு போட்டு குடுத்துடுறாங்க, போட் வேகமா ஓடும் ஆனா அது அந்த போட்டாவே இருக்காது.

உள்ள இருந்தது டேகோல் சூப்பர்மரீன் மோட்டார். இப்ப வர்ற 540, 775 சைஸ் மோட்டார் மாதிரி உள்ள காந்தம் வச்சது இல்ல இது, காந்தத்துக்கு பதிலா ஃபீல்டு காயில் சுத்தி இருக்கும். அதனால ஒயரை மாத்தி குடுத்தாலும் ரிவர்ஸ் போகாது, ஏன்னா ஆர்மேச்சர் (நடுவுல சுத்துற பாகம்), ஃபீல்டு ரெண்டுலயும் கரண்ட் சேந்தே திரும்பிடும், மோட்டார் பழைய பக்கமே சுத்தும். இந்த விஷயம் தெரியாத ஒரு ஆன்லைன் கடையில முன்ன விசாரிச்சப்ப மோட்டார் போச்சு தூக்கி போடுங்கன்னுட்டாங்க. ஐயா என்ன பண்ணாருன்னா ஃபீல்டு காயில் ஒயரை தனியா பிரிச்சு, பத்து வெள்ளிக்கும் கம்மியா கிடைக்கிற ஒரு 35 ஆம்பியர் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் வழியா கொண்டு வந்துட்டாரு. கரண்ட் எந்த பக்கம் வந்தாலும் ஃபீல்டுக்கு ஒரே பக்கமாதான் போகும், ஆர்மேச்சர்ல மட்டும் திரும்பும், சாதாரண பிரஷ் மோட்டார் இஎஸ்சி (வேகத்தை கட்டுப்படுத்துற போர்டு) போட்டே முன்ன பின்ன ரெண்டும் ஓடுது. டையோடுல ஒன்றரை வோல்ட் கிட்ட போயிடும், அதையும் முன்னாடியே சொல்லிட்டாரு, பன்னெண்டு வோல்ட் பேட்டரிங்கிறதால பாதிப்பு இல்லன்னு.

அடுத்து ஷாஃப்டு. டியூபுக்குள்ள கிரீஸ் கல்லா இறுகி கெடந்துச்சு, ரெண்டு பக்கமும் ஷாஃப்டை தாங்குற புஷ் தேஞ்சு போயி ஷாஃப்டு லொடலொடன்னு ஆடிச்சு. லேத்துல வெண்கல புஷ் கடைஞ்சு போட்டாரு. அதுக்கப்புறம் அவரு பண்ணதை நான் கடையில உக்காந்து முழுசா பாத்தேன், இதை கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். மோட்டாரையும் ஷாஃப்டையும் சேக்க ஆடுற கப்ளிங்கை முதல்ல போடல, நேரா ஒரு பித்தளை குழாயை ரெண்டுத்துக்கும் நடுவுல மாட்டி விறைப்பா நிக்க வச்சு, அந்த நிலையிலயே மோட்டார் மவுண்டை எப்பாக்சி வச்சு ஒட்டிட்டு, மறுநாள் காஞ்ச பிறகுதான் குழாயை கழட்டிட்டு நிஜ கப்ளிங்கை போட்டாரு. அப்ப மோட்டாரும் ஷாஃப்டும் ஒரே கோட்டுல இருந்துதானே ஆகணும். அதோட விடல, வாட் மீட்டரை மாட்டி மோட்டார் தனியா ஓடும்போது எத்தனை ஆம்பியர்னு ஒரு அட்டையில எழுதினாரு, ஷாஃப்டோட சேத்து ஓட்டி மறுபடி எழுதினாரு. ரெண்டு நம்பரும் கிட்டக்கிட்ட இருந்தா நேரா இருக்குன்னு அர்த்தம், ரெண்டாவது எகிறுனா எங்கயோ இறுக்கம். கொஞ்சம் எகிறுச்சு. மவுண்டுக்கு அடியில மெல்லிசா ஒரு தகடு வச்சாரு, காதை கிட்ட கொண்டு போயி கேட்டாரு, மறுபடி அளந்தாரு, எறங்கிடுச்சு. அந்த அட்டையை போட்டோட சேத்தே குடுத்தாரு, நான் பத்திரமா வச்சிருக்கேன், நாளைக்கு ஏதாச்சும் சத்தம் மாறுனா அந்த நம்பரோட ஒத்து பாத்தா போதும்.

புரொப்பெல்லர் விஷயத்துலயும் இதே கதைதான். பெரிய தொட்டியில தண்ணி ரொப்பி போட்டை கையில புடிச்சுக்கிட்டு முழு திராட்டில்ல அளந்தாரு. பெருசா போட்டா நல்லா இழுக்குமேன்னு நான் கேட்டதுக்கு, புரொப்பெல்லர் கொஞ்சம் பெருசானாலே கரண்ட் தாறுமாறா ஏறும், வேகம் கூடுறதுக்கு முன்ன காயில் வெந்துடும்னாரு. பழைய பித்தளை புரொப்பெல்லரையே பாலிஷ் போட்டு திரும்ப மாட்டிட்டு லைன்ல கார் ஃபியூஸ் ஒண்ணு போட்டாரு. நம்ம ஊரு குட்டையில கியாம்பாங் செடி எல்லாம் மெதக்குது, அது சுத்திக்கிட்டு மோட்டார் நின்னுடுச்சுன்னா ஃபியூஸ்தான் முதல்ல போகணும், டேகோல் மோட்டாருக்கு ஸ்பேர் எங்க போயி தேடுறது.

பேட்டரிக்கு லிப்போ (லேசான லித்தியம் பேட்டரி) வேணாம்னு சொன்னாரு, எனக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சு. இந்த போட் கனமான ஆசிட் பேட்டரிய வச்சு தண்ணியில உக்கார்ற மாதிரி கட்டுனது, அதை எடுத்துட்டு லேசா லிப்போ வச்சா மேல எழும்பி நிக்கும், அப்புறம் ஈயக்கட்டிய தேடி உள்ள போடணும். ஆட்டோகேட்டுக்கு போடுவோமே 12 வோல்ட் 7 ஏஎச் சீல்டு பேட்டரி, ரெண்டு கிலோவுக்கு மேல இருக்கும், எந்த ஹார்ட்வேர் கடையிலயும் கிடைக்கும், அதையே நடுவுல பெட்டி செஞ்சு உக்கார வச்சாரு, தண்ணிக்கோடு அழகா வந்து நின்னுச்சு. சார்ஜ் போடும்போது மட்டும் பேட்டரிய வெளிய எடுத்து போடுங்க, இல்லன்னா மேல் மூடியாச்சும் திறந்து இருக்கணும், ஆசிட் பேட்டரியில இருந்து வர்ற கேஸ் மூடுன பாடிக்குள்ள தங்கக்கூடாது.

ரேடியோவுக்கு வருவோம். பழைய செட்டு சிங்கிள் சேனல், அதாவது கையில ஒரே ஒரு பட்டன், ஒரு தடவை அமுக்குனா சுக்கான் ஒரு பக்கம், மறுபடி அமுக்குனா இன்னொரு பக்கம். சுக்கானை திருப்புறது உள்ள முறுக்கி வச்ச ரப்பர் பேண்டு, எஸ்கேப்மென்ட்னு பேரு. அந்த காலத்துல இதை வச்சே ஓட்டியிருக்காங்கன்னு நெனச்சா அவங்க கைக்கு எவ்வளவு பழக்கம் இருந்திருக்கணும். ஐயா அந்த எஸ்கேப்மென்டை கழட்டாம அது இருந்த எடத்துலயே துடைச்சு விட்டுட்டாரு, மூடிய தூக்குனா இன்னைக்கும் தெரியும். ஓட்டுறதுக்கு பக்கத்துல சுக்கானை திருப்புற சர்வோ மோட்டார் ஒண்ணு, ஒரு 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர். இந்த சிக்னல் தண்ணிக்குள்ள போகாது, அதனால ஆன்டெனாவை தண்ணிக்கோட்டுக்கு மேல, கேபின் சுவத்துல நிமித்தி ஒட்டி இருக்காரு. மோட்டார் பிரஷ்ல பொறி பறக்கும், அந்த இரைச்சல் ரிசீவருக்கு போகாம இருக்க 104 கெப்பாசிட்டர் மூணு சால்டர் பண்ணியிருக்காரு, சால்டர் ஒவ்வொண்ணும் குண்டு மணியா பளபளன்னு இருக்கு, ரேடியோக்காரர் கையாச்சே.

மரவேலையில ஒரு விஷயம் எனக்கு பெருமையா இருந்துச்சு. உள் சட்டம் ஒண்ணை கரையான் தின்னுடுச்சு, அடிப்பலகை ஓரம் பசை விட்டு பிளந்து இருந்துச்சு. பால்சா மரம் ஆர்டர் பண்ணணும்னு நெனச்சேன், அவரு பின்னாடி போயி ஜெலுத்தோங் கட்டை ஒண்ணை கொண்டு வந்தாரு. நம்ம காட்டு மரம், லேசு, நார் நேரா ஓடும், கத்தி சுகமா எறங்கும், வெளிநாட்டுல சிற்பம் செதுக்குறவங்களும் அச்சு செய்றவங்களும் இதை தேடி வாங்குறாங்க. சட்டத்தை அதுல வெட்டி போட்டு உள் பக்கம் மெல்லிசா ஃபைபர் துணி வச்சு எப்பாக்சி தடவுனாரு. மழை அடிச்ச நாள்ல எப்பாக்சிய தொடவே மாட்டேன்னுட்டாரு, ஈரக்காத்துல மேல பிசுபிசுன்னு படியும், அப்புறம் பெயிண்ட் புடிக்காது. அந்த காலத்து பெயிண்ட்ல ஈயம் இருக்கும், அதனால தண்ணி விட்டுதான் தேய்க்கணும், தூசிய மூச்சுல இழுக்கக்கூடாதுன்னு என்னையும் மாஸ்க் போட வச்சாரு.

எல்லா போட்டுக்கும் இப்படி பழசையே புடிச்சிக்கிட்டு இருப்பாருன்னு நெனச்சிடாதீங்க. ராக்குல லுமூட்ல இருந்து வந்த ஒரு பெர்க்காசா நின்னுச்சு. நம்ம நேவிக்காக இங்கிலாந்துல வோஸ்பர் கம்பெனி கட்டி 1967ல வந்து சேந்த நாலு வேகப்படகுல ஒண்ணோட பேரு அது, மத்த மூணு ஹண்டாலான், கெம்பிதா, பெண்டேக்கார். மூணு கேஸ் டர்பைன் வச்சு மணிக்கு 50 கடல் மைலுக்கு மேல பறந்த படகு, வெள்ளைக்காரங்களுக்கே அவ்வளவு புடிச்சு போயி அதோட மாடல் கிட்டு அங்க வித்திருக்காங்க, நம்ம பசங்க எத்தன பேருக்கு இது தெரியும்? அந்த போட்டுக்கு ஃபைபர் பாடி, பிரஷ்லெஸ் மோட்டார் தாங்கும், போட்டு குடுக்குறாரு. என்னோட பிளைவுட்டுக்கு கேட்டதுக்கு கணக்கு போட்டு காட்டுனாரு, 1000 கேவி மோட்டாருக்கு, அதாவது ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்துல ஆயிரம் சுத்து சுத்துறதுக்கு, 11.1 வோல்ட் குடுத்தா சும்மா சுத்தும்போதே நிமிஷத்துக்கு 11,100 சுத்து, இந்த பழைய ஷாஃப்டும் ஒட்டு விட்ட சட்டமும் அதை தாங்காது. கேட்டவன் காசு குடுக்க தயாரா இருக்கும்போது வேணாம்னு சொல்ற கடைக்காரர் எத்தனை பேரு இருக்காங்க?

கொறையும் சொல்லணும். ரொம்ப லேட்டாகும், மாசக்கணக்குல. போன் எடுக்கவே மாட்டாரு, நேர்லதான் போகணும், ஈப்போவுல இருந்து வர்றவங்களுக்கு இது பெரிய அலைச்சல். பெயிண்ட் வேலை சுமார்தான், பிரஷ் கோடு தெரியுது, எழுத்து ஸ்டிக்கர் எல்லாம் அவரு பண்றதில்ல, அதை நான் வேற எடத்துல பண்ணிக்கிட்டேன். மொத்த செலவு முன்னாடியே எழுதி குடுக்க மாட்டாரு, திறந்து பாத்துட்டு சொல்லுவாரு, அப்புறம் நடுவுல கூடுனா கேட்டுட்டுதான் செய்வாரு. எனக்கு ரேடியோ செட்டு, பேட்டரி எல்லாம் சேத்து 650 வெள்ளி கிட்ட வந்துச்சு. மரம், லேத், மின்சாரம்னு மூணு வேலையும் ஒரே ஆளு பாத்ததுக்கு அது நியாயமான காசுன்னுதான் சொல்லுவேன்.

பழைய ஈயச்சுரங்க குட்டையில விட்டோம். கிராஷ் டெண்டர் பறக்கல, மூக்கை லேசா தூக்கிக்கிட்டு பின்னாடி வெள்ளையா அலை தள்ளிக்கிட்டு நிதானமா போச்சு, திரும்பும்போது உள் பக்கம் சாஞ்சு திரும்புச்சு, ரிவர்ஸ் போட்டதும் நின்னு பின்னாடி வந்துச்சு. எங்க அம்மா கரையில நின்னுக்கிட்டு அப்பா பாத்திருக்கணும்னு சொன்னாங்க. ஐயா கையில தூண்டில், நுனியில டென்னிஸ் பந்து கட்டி இருந்துச்சு, நடுவுல போட் நின்னுட்டா அதை தாண்டி வீசி மெதுவா இழுத்துக்கலாம். குட்டை ஓரம் திடீர்னு ஆழம், யாரும் தண்ணியில எறங்கி எடுக்கக்கூடாது, இது மட்டும் கண்டிப்பா ஞாபகம் வச்சிக்குங்க.

போறவங்க காலையிலயே போங்க, மத்தியானத்துக்கு மேல காத்தாடி, ரைஸ் குக்கர்னு கூட்டம் வந்துடும். போட்டை கழுவாதீங்க, துடைக்காதீங்க, அப்படியே கொண்டு போங்க, எங்க தண்ணி நின்னுச்சுங்கிறதை அந்த கறையை பாத்துதான் கண்டுபிடிப்பாரு. கழண்டு விழுந்த ஆணி, ஸ்க்ரூ, ஒடஞ்ச கைப்பிடி எதுவா இருந்தாலும் ஒரு பையில போட்டு சேத்து எடுத்துட்டு போங்க, ஒண்ணு கெடச்சா அதை பாத்து மிச்சத்தை லேத்துல கடைஞ்சு குடுத்துடுவாரு.